தொடர்ந்து பன்னிரண்டு மாதம்

பிப்ரவரி 6, 2024
எனக்குக் குடியுரிமை கிடையாதாம். இன்று கடிதம் வந்துவிட்டது.
இருபத்திரண்டு வருடமாகச் சங்கரன்கோவிலில் குடித்தனம் நடத்துகிறேன். மகளைப் பெற்றேன், மாமனார் மாமியாரை வழியனுப்பினேன், துண்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து முதுகுவலி வாங்கினேன். இதற்கெல்லாம் வசிப்பது என்று பெயர் இல்லையாம். விண்ணப்பிப்பதற்கு முந்திய பன்னிரண்டு மாதம் நாட்டை விட்டு நகராமல் இருந்திருக்க வேண்டும். நானோ நடுவில் மலேசியாவுக்கு, பிறந்த ஊரான ஈப்போவுக்குப் போய், அம்மா சாகும்வரை ஆஸ்பத்திரியிலும், செத்தபின் காரியம் முடியும்வரை வீட்டிலும் இருந்துவிட்டேன்.
அம்மா கொஞ்சம் பொறுத்துச் செத்திருக்கலாம். சட்டம் படிக்காத பெண்பிள்ளை.

பிப்ரவரி 9
மகாராஜனும் நானும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். (கட்டின புருஷனைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். இந்த ஊர்க்காரி ஆகாததில் இப்படியும் ஒரு வசதி.) எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார்.
“மறுபடி போடலாம்மா. ஆனா போன மாசம்கூட மலேசியா போயிருக்கீங்களே?”
“அம்மாவோட தலைத்திவசம் சார்.”
“அப்ப அடுத்த ஜனவரி வரைக்கும் எங்கயும் போகாதீங்க.”
ஆக, இந்த நாட்டின் மேல் எனக்குள்ள பிரியத்தை அசையாமல் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். கல்லாவில் அதைத்தானே செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகாராஜன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிப்ரவரி 10
பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி துக்கம் விசாரிக்க வந்தாள்.
“ஏங்க்கா, அப்ப ஒங்கள அனுப்பிருவாங்களா?”
“அனுப்பினா என் பூச்செடியெல்லாம் நீ எடுத்துக்க.”
“அந்தக் கிரைண்டரையும் சேத்து எடுத்துக்கிடுதேங்க்கா.”
அனுதாபத்தில் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 3
ஓட்டுக் கேட்டு வந்தார்கள். முன்னால் வந்த வேல்ராஜ் பெரிதாகக் கும்பிட்டு நோட்டீஸ் நீட்டினான்.
“எனக்கு ஓட்டே இல்லப்பா.”
“அப்படியா?” என்று நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கும்பிட்டதை மட்டும் வாங்க வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனான்.

ஜூலை 21
ஆடித்தபசு. ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. அத்தனை கூட்டத்திலும் என்னிடம் ஒருவரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

நவம்பர் 12
தம்பி கோகுல் ஈப்போவிலிருந்து கூப்பிட்டான். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு.
“உன்னைத்தான் கேக்குறாரு அக்கா. கேட்ட வாயாலேயே வர வேணாம்னு சொல்லுன்னும் சொல்றாரு.”
ஜனவரி அதோ நிற்கிறது. நான் மகாராஜனிடம் கேட்டேன்: “ஜனவரி வரைக்கும் தாங்குவார்ல?”
கேட்டபிறகுதான் காதில் விழுந்தது. நானா கேட்டேன்? பெத்த அப்பனோட உசுர ஒரு காகிதத்துக்குத் தக்கன அளந்து... சீ. அவங்க சட்டம் எப்ப என் வாய்க்குள்ள வந்து உக்காந்துது?
மகாராஜன் என்னைத் திட்டவில்லை. செல்போனை எடுத்தார்.
“திருச்சியிலேருந்து என்னைக்குப் பிளேன் இருக்குன்னு பாக்கேன்.”
“அப்ப விண்ணப்பம்?”
“காயிதம் எங்க போவப் போவுது? அங்கன கெடக்கது ஒங்க அப்பா. நீ துணிய எடுத்து வை, பொன்மணி.”

நவம்பர் 14
போகிறேன்.

டிசம்பர் 8, ஈப்போ
கடையை மகளிடம் விட்டுவிட்டு மகாராஜன் இன்று வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் கால் கடுக்க நின்றாராம்.
“எதுக்கு வந்தேன்னு கேட்டான். பொண்டாட்டியப் பாக்கன்னேன். பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பாக்கான்.”
ஒரு மாதம்தான் அனுமதி. நல்லது, அவருக்கும் இந்த மரியாதையெல்லாம் கிடைக்கட்டும்.
வந்த கையோடு அப்பாவைத் தாங்கி உட்கார வைத்து முகம் மழித்துவிட்டார். நானும் கோகுலும் எவ்வளவு கெஞ்சியும் சம்மதிக்காத அப்பா, மருமகனுக்குக் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.
“ஒரு மாசந்தானா, மாப்ள?”
“ஆமா மாமா. மேல ஒரு நா இருந்தாலும் பிடிச்சு வெளிய தள்ளிருவாங்க.”
அப்பா சிரித்தார். வலித்தது போல. ஆனாலும் நிறுத்தவில்லை.
எழுத்தர் சொன்ன கணக்கு மறுபடி முதலிலிருந்து. இருக்கட்டும். நாளை காலை அப்பாவை வாசல்வரை நடத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு.