கற்பூரத்தில் கை வைக்காத சூசை அண்ணனுக்கு

என் பிரியத்துக்குரிய சூசை அண்ணா,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ரெண்டு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கலாம், நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் கோயில் உபதேசியார் கேட்டார். நாலு வரியில் அடங்குகிற விஷயமா நம்முடையது? முழுக் கடிதமாகவே எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும். ஊர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்துச் சேதி. மறுபடியும் தேர்தல் வந்துவிட்டது, சட்டசபைக்கு. பென்னாகரம் ரோட்டில் காலையிலிருந்து ஜீப்பும் மைக்கும்தான். அரை மைலுக்கு அப்பால் மைக் சத்தம் கேட்டாலே எந்தக் கட்சி ஜீப் என்று சொல்லிவிடுவீர்களே, இப்போது இருந்தால் உங்களாலும் சொல்ல முடியாது. நம்ம கட்சியும் அவங்க கட்சியும் கூட்டு. ஒரே ஜீப்பில் ரெண்டு கொடி பறக்கிறது. சரியாகத்தான் படிக்கிறீர்கள் அண்ணா, கூட்டு. வேட்பாளர் யார் தெரியுமா? அன்றைக்கு ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்து யூனியன் சேர்மன் ஆனாரே, அவரேதான். நம்ம ஒன்றியச் செயலாளர் ஏரியூரில் மேடை போட்டு, அவர் கழுத்தில் மாலையைப் போட்டு, "என் கூடப் பொறக்காத அண்ணன்" என்று தழுதழுக்கிறார். கீழே நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை அதுவாகவே தட்டிவிட்டது.

அந்த ஒரு ஓட்டு உங்களுடையது என்றுதான் ஏழு வருஷமாக ஊர் சொல்கிறது. அது உங்களுடையது இல்லை. என்னுடையது. கட்சியை ஏமாற்றி மாற்றிப் போட்டவன் நான். பழியைச் சுமந்தவர் நீங்கள். இதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

சின்னவர்களுக்கு விவரம் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்தது. உங்கள் ஊருக்கு நீங்கள் பிரசிடெண்ட், பக்கத்து ஊருக்கு நான். பிரசிடெண்டுகள் எல்லாம் ஒன்றுகூடி ஓட்டுப் போட்டுத்தான் யூனியனுக்குச் சேர்மனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சி இல்லாத தேர்தல் என்று பேர். யார் யார் எந்தக் கட்சி என்று ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். நம்ம பக்கம் பதினோரு பேர், அவங்க பக்கம் பத்துப் பேர்.

ஒரு தலையை அவங்க பக்கம் இழுத்துவிட்டால் போச்சு என்று செயலாளருக்குப் பயம். பதினோரு பேரையும் பஸ் ஏற்றி ஒகேனக்கல்லில் கொண்டுபோய் வைத்தார். நாலு நாள். எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், பகலெல்லாம் சீட்டாட்டம். "கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு கவனிப்பு கெடையாதுப்பா, எப்பத் தாலி கட்டச் சொல்லுவாங்களோ" என்று நீங்கள் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று சாயந்திரம்தான் செயலாளர் தாம்பாளத்தில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

ஒவ்வொருத்தராகக் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைய அணைய மறு கட்டி ஏற்றினார்கள். நான் மூன்றாவது ஆள். உங்கள் முறை வந்தது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"எங்களுக்கு இது வழக்கம் இல்லீங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

"பேருக்கு ஒரு தரம் கைய வெச்சா என்ன சூசை? உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"சாமி கோவிச்சுக்காதுங்க. எனக்குத்தான் கோவம் வருது. எங்க கோயில் சாமியார் வேணாம் வேணாம்னு பூசையில பேரைச் சொல்லித் திட்டத் திட்ட இந்தக் கொடிய எங்க தெருவுல ஏத்துனவன் நான். எங்கிட்டப் போயி சத்தியம் கேக்கறீங்களே?"

செயலாளர் பேச்சை மாற்றிவிட்டார். மற்ற பத்துப் பேரும் அணைத்த கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதே எல்லார் மனசிலும் உங்கள்மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது அண்ணா. நீங்கள் கவனித்தீர்களா?

மறுநாள் முற்பகல் பரிசல்காரர் ஒருத்தர் என்னை மட்டும் ஒரு சுற்று போய்வரலாம் என்று கூப்பிட்டார். ஏறிப் பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் முன்னமே உட்கார்ந்திருக்கிறார். அவங்க வேட்பாளரின் மச்சான். ஆற்று நடுவில் அருவிச் சத்தத்துக்கு மேல் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பாப்பா வாத்தியார் ட்ரெயினிங் முடிச்சு ரெண்டு வருசமாச்சாமே? யூனியன் பள்ளிக்கூடத்துல எடம் காலியா இருக்குதுங்க. சேர்மன் நெனச்சா ஆவாத காரியமா?" நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் மகள் செல்வி வீட்டில் சான்றிதழை வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்த காலம் அது. ஏழைத் தகப்பன், வேறு வழி இல்லை என்றெல்லாம் எழுதலாம். எனக்கு நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனம் இருந்தது. செல்வி பட்டினி கிடக்கவில்லை. ஆசைதான், வேறென்ன.

ஓட்டு நாளன்று யூனியன் ஆபீசில் எல்லாரும் போட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்தார்கள். அவங்களுக்குப் பதினொன்று, நமக்குப் பத்து. செயலாளர் சீட்டுகளைப் பார்க்கவில்லை. நேராக உங்கள் முகத்தைப் பார்த்தார். பத்துப் பேரும் உங்களைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு எந்த நரகத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்களோ.

"சத்தியம் பண்ணாதவந்தானே பண்ணியிருப்பான்?" வெளியே வந்ததும் யாரோ சொன்னார்கள். அப்புறம் சொல்லவே வேண்டாம். சாமியார் சொல்லிக் கொடுத்திருப்பார், வேதக்காரங்க எப்பவுமே அந்தப் பக்கம்தான், இருபது வருஷம் நடித்தான் என்று ஆளுக்கொரு பூவைச் சேர்த்துக் கட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்.

"தம்பி, நீ எதும் எனக்காவப் பேசப் போவாத. உன்னையும் சேத்துக்குவாங்க."

இந்த வார்த்தையை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பாவம் தம்பி, நமக்காகக் கஷ்டப்படக் கூடாது என்று சொன்னீர்களா? இல்லை, என் முகத்தைப் பார்த்த உடனே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் சொன்னீர்களா? எது நிஜமாக இருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

நாலு மாதத்தில் செல்விக்கு வேலை வந்தது. "வரிசைப்படி வந்துச்சுங்க" என்றேன். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, நான் கற்பூரம் அணைத்தவன் ஆயிற்றே. அதே மாதத்தில்தான் உங்கள் தெருக் கம்பத்திலிருந்து கொடியை இறக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டீக்கடையில் நீங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். உங்கள் மகன் பீட்டருக்கு அப்போது இருபது வயசு, உங்களைவிட வெறிபிடித்த கட்சிக்காரன். "போட்டீங்களா இல்லியா, ஒரே வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டானாம். "நான் போடல" என்றீர்களாம். அவன் நம்பவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் பொங்கலுக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலே வரவில்லை அண்ணா. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. வந்திருந்தால் இன்னொரு தடவை நின்று, இன்னொரு தடவை ஓட்டுப் போட்டு, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நீங்கள் காட்டியிருக்கலாம். அதற்குக்கூட வழி இல்லாமல் போயிற்று.

மஞ்சக்காமாலையில் நீங்கள் போன அன்று ரோசம்மா அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "மேல ஒரு கொடியப் போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி. நீங்க போயிக் கேட்டா குடுப்பாங்க" என்றார்கள். கட்சிக்காரன் செத்தால் கொடி போர்த்துவது வழக்கம்தானே. சைக்கிளை மிதித்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். "துரோகிக்குக் கொடியா? அவங்க கட்சியில போயிக் கேளு" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். சைக்கிளை எடுத்தேன். திரும்பி வந்து, "செயலாளர் ஊர்ல இல்லீங்க அண்ணி" என்று சொன்னேன். பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்தி உங்களை மண்ணில் வைத்தோம்.

போன வாரம் கூட்டணிக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலகலப்பாக இருக்கையில் எழுந்து நின்றேன். பயந்து பயந்துதான். "எழுபதுல மாத்தி ஓட்டுப் போட்டது சூசை அண்ணன் இல்லீங்க. நான்" என்றேன். அடிப்பார்கள், கட்சியை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். முதலில் செயலாளர் சிரித்தார். வேட்பாளரும் சிரித்தார்.

"அட, அப்பவே கூட்டணிக்கு அச்சாரம் போட்ட மனுசன் நீதானா? முன்னமே சொல்லியிருந்தா பூத் செலவை உங்கிட்ட ஒப்படைச்சிருப்பமே!"

மேடை முழுக்கச் சிரிப்பு. தோளில் துண்டு போட்டுவிட்டார்கள். சூசை அண்ணன் பேர் கெட்டதே, அதற்கு என்ன என்று கேட்டேன். "செத்துப்போனவருக்கு இப்ப என்ன மாதையா? வேணும்னா கொடி எடுத்துட்டுப் போ, பண்டலா வந்து கெடக்குது" என்றார் செயலாளர். ரெண்டு கட்சி நிறமும் ஒரே துணியில் சேர்த்துத் தைத்த கொடி. அதைத் தொடக்கூட எனக்கு மனசு வரவில்லை. உங்களைச் சாகடித்த குற்றம் இப்போது குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது அண்ணா. அப்படியென்றால் நீங்கள் எதற்காக அத்தனையும் பட்டீர்கள்? யாரிடம் போய்க் கேட்பது?

செல்வியிடம் முந்தாநாள் சொன்னேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்தாள். அதற்கப்புறம் சோறு மட்டும் போட்டு வைக்கிறாள்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பரிசலையும் சொன்னேன், கொடி கேட்கப் போய் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார்கள், மண்ணை வாரி இறைப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் கொட்டையை எடுத்து எடுத்து ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பீட்டர் நம்பாமல் போனானே, அந்தப் பாவமும் என்னோடதுதான் என்றேன். அப்போதுதான் கையை நிறுத்தினார்கள்.

"அவன் நம்பலங்கறீங்க. நான் மட்டும் நம்புனேனா தம்பி? 'நான் போடல ரோசா'ன்னு சொன்னாரு. சரிங்கன்னேன். உள்ளுக்குள்ள, போட்டுட்டுத்தான் மறைக்கிறாருன்னு இருந்தேன். சாவுற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். போனது போவுது, மன்னிச்சுரலாம்னு மன்னிச்சேன். அவருக்கும் அது தெரியுங்க. செய்யாத தப்புக்கு எங்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டுப் போயிட்டாரு அந்த மனுசன்."

அண்ணி அழவில்லை. நான்தான் அழுதேன். என்னைத் தேற்றக்கூட அங்கே ஆள் இல்லை, எதற்குத் தேற்ற வேண்டும்? வாசலைத் தாண்டும்போது சொன்னார்கள்: "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது. எம்புள்ளகிட்டப் போயிச் சொல்லுங்க."

ஆக, இந்த உலகத்தில் உங்கள் வார்த்தையை நம்புவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான் அண்ணா. அது நான். உங்களை முழுசாக நம்பிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாக்குக் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டாலும் தருகிறேன். இது அச்சாகி வந்ததும் முதல் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறேன். பீட்டர் எந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் தேடிப் பிடித்து, அவன் முன்னால் நின்று, ஒரு வரி விடாமல் நானே படித்துக் காட்டுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்காமல், "இப்ப வந்து சொல்றீங்களே, எங்கப்பன்கிட்ட நான் எப்படிப் பேசறது?" என்று கேட்டான் என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. இல்லை என்றும் அவனிடம் சொல்லுவேன்.

கடைசி வரைக்கும் நீங்கள் "தம்பி" என்றே கூப்பிட்ட,
மாதையன்