பொங்கலூர்த் தொகுதியில் நின்ற ருக்குமணிக்கு

என் பிரியமான ருக்கு அம்மிணி,

நீ நின்ன பொங்கலூர்த் தொகுதி இப்ப இல்லை. தொகுதிகளைப் பிரிச்சு அடுக்கினப்போ அந்தப் பேரையே எடுத்துட்டாங்க. நம்ம ஊர் பல்லடத்தோட சேர்ந்திருச்சு. கேட்டதும் உங்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு.

எண்பதுகள்ல ஒரு எலக்ஷன். பனியன் கம்பெனிக்கு லீவு. புதுச்சேலை கட்டி ஓட்டுப்போடப் போன. "உங்க ஓட்டைப் போட்டாச்சுங்கம்மா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம தெருப் பொம்பளைங்க பாதிப்பேருக்கு அதே பதில். அத்தனையும் கள்ள ஓட்டு.

அடுத்த எலக்ஷன் வந்தப்போ, சோறு போட்டுக்கிட்டே சொன்ன: "ஏனுங்க, நான் சுயேச்சையா நிக்கறேனுங்க."

"ஜெயிச்சிருவியா?"

"அதுக்கில்லீங்க. நின்னா பூத்துக்குள்ள நம்ம ஏஜெண்டை உக்கார வைக்கலாமாம். நீங்க உக்காருங்க. நம்ம தெருவுல உங்களுக்குத் தெரியாத மொகமா?"

எனக்கு இது எப்படித் தோணாமப் போச்சு?

விஷயம் தெரிஞ்சு ஊர்ப்பெரியவர் வாசல்ல வந்து நின்னார். "பொம்பளைக்கு இது எதுக்கப்பா?"ன்னு என்னைக் கேட்டார். நீதான் பதில் சொன்ன: "காப்பி குடிச்சிட்டுப் போங்க சாமி. பேர் குடுத்தது குடுத்ததுதானுங்க." மறுநாள்ல இருந்து அவர் தோட்டத்துக் கிணத்துத் தண்ணி நமக்கு இல்லை. சைக்கிள்ல குடத்தைக் கட்டி அடுத்த ஊர்ல இருந்து தண்ணி கொண்டு வந்தோம்.

ஓட்டு நாளன்னைக்கு எவளோ ஒருத்தி நம்ம தெருச் செல்லாத்தா பேரைச் சொல்லிட்டு வந்தா. நான் எந்திரிச்சேன். "ஐயா, இது செல்லாத்தா இல்லீங்க." ஆபீசர் அவகிட்டப் புருஷன் பேரைக் கேட்டார். அவ திருதிருன்னு முழிச்சிட்டு வெளிய போயிட்டா. அதுக்கப்பறம் அப்படி யாரும் உள்ள வரலை. மத்தியானம் நெசச் செல்லாத்தா வந்து ஓட்டுப் போட்டுட்டு, மை வெச்ச விரலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிச் சிரிச்சா.

எண்ணிப் பார்த்தா, நம்ம தெரு ஓட்டே உனக்கு முழுசா விழலை. எனக்குத்தான் பொறுக்கலை. "உன்னாலதான ஓட்டுப் போட்டாங்க, நன்றி வேண்டாமா?"ன்னு கத்தினேன். நீ சிரிச்ச. "எனக்குப் போடச் சொல்லி நானா கேட்டேன்? அவங்க ஓட்டை அவங்களே போட்டாங்களா இல்லீங்களா?"

நீ போய்ச் சேர்ந்த பின்னாடி அந்தச் சிரிப்பை எங்க போய்த் தேடுவேன் அம்மிணி?

நம்ம சின்னவன் கூட வேலை செஞ்ச தூத்துக்குடிப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். பேரு ஸ்டெல்லா. தங்கமான புள்ள. இந்தத் தடவை இங்க ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்த்திருக்கா. நேத்து எங்கிட்ட, "எனக்கு இங்க யாரையும் தெரியாதுல்லா மாமா, யாருக்குப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க"ன்னா. வாய் வரைக்கும் ஒரு பேர் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

பூத் வாசல் வரைக்கும் நான் கூடப் போவேன். உள்ள அவ தனியாத்தான் போவா. வெளிய வந்ததும் யாருக்குப் போட்டன்னு கேக்கவே மாட்டேன். இது உனக்கு நான் குடுக்கற வாக்கு.

என்னைக்கும் உன் ஊட்டுக்காரன்,
மாரப்பன்