எக்ஸ்பியில் நான் மகம்

9 ஜூன் 2004, புதன்

காலையில் ஒருவர் பென் டிரைவை நீட்டி, "இதுல பயோடேட்டா இருக்கு, ரெண்டு பிரிண்ட்" என்றார். செருகினேன். என் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "இன்னும் தொண்ணூத்தெட்டு தானா மேடம்?" என்று சிரித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். சிரிப்பு எதற்கு?

பெங்களூர்-ஓசூர் ரோட்டில், சந்தாபுரா பஸ் ஸ்டாண்டு எதிரே கடை போட்டதிலிருந்து விண்டோஸ் 98தான். டைப்பிங், ஜெராக்ஸ் என்று போர்டில் ஆயிரம் எழுதியிருந்தாலும் சோறு போடுவது கம்ப்யூட்டர் ஜாதகம். அதற்கு இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

11 ஜூன், வெள்ளி

பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. சர்வீசுக்கு வழக்கம்போல ஓசூரிலிருந்து கவியரசன் வந்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்திக்கொண்டு வருகிறவர். பென் டிரைவ் கதையைச் சொன்னேன்.

"எக்ஸ்பி போட்டுடலாம் மேடம். எத்தனை நாளைக்கு இதையே தள்ளுவீங்க?"

"ஜாதக சாஃப்ட்வேர் அதுல ஓடாதே."

"அதுக்கும் புது வர்ஷன் வந்திருக்கு. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஆடியில போட்டா கூட்டமும் இருக்காது."

ஆடியில் யாரும் ஜாதகத்தை வெளியே எடுப்பதில்லை என்பது இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

20 ஜூன், ஞாயிறு

தரகர் வந்தார். ஆனேக்கல் பையன், நாற்பது வயது. பையனுக்கு அம்மா இல்லை என்பதை, சொந்த வீடு இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

எனக்கு ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாதாம். அதனால் வருகிற வரனெல்லாம் அம்மா இல்லாத பையனாக வருகிறது. ஊர் ஜாதகமெல்லாம் அடித்துக் கொடுக்கிறவளுக்கு முப்பத்தொரு வயதில் இதுதான் கதி. அம்மா தரகருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, இன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் என்ன பண்ண?

2 ஜூலை, வெள்ளி

கவியரசன் தன்னுடைய சிபியுவையே பைக்கில் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். அதில் எக்ஸ்பியும் ஜாதகத்தின் புது வர்ஷனும் இருந்தன. "ஓட்டிப் பாருங்க" என்றார்.

எதைச் சோதிப்பதானாலும் நான் என் ஜாதகத்தைத்தான் போட்டுப் பார்ப்பேன். தேதி, நேரம், ஊர் எல்லாம் விரலுக்கே மனப்பாடம். அடித்தேன்.

மகம். சிம்ம ராசி.

தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடியும் அடித்தேன். மகம்தான். கவியரசன் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு புரிந்தது. பழையது வாக்கியப் பஞ்சாங்கம், புதியது திருக்கணிதம். இரண்டு கணக்கிலும் சந்திரன் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் மாறாது. ஒரு நட்சத்திரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற நேரத்தில் பிறந்தவர்களுக்கு மாறும். நான் அப்படிப் பிறந்திருக்கிறேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு நானே இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

3 ஜூலை, சனி

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்கு அப்பவே தெரியும்டி. உன் மூஞ்சி ஆயில்ய மூஞ்சியே இல்ல. அந்தப் பழசை முதல்ல தூக்கிப் போடு."

"அம்மா, அது கடை மிஷின்."

"அதனால என்ன? இனிமே புதுசுல வர்றதையே குடு. எவன் வந்து கேக்கப் போறான்?"

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. எக்ஸ்பி போடுவது கடைக்காகவா, எனக்காகவா? நேற்றுவரை பென் டிரைவுக்காக என்றிருந்தேன். இன்று அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. எத்தனை பொண்ணுங்களுக்கு நானே ஆயில்யம்னு அடிச்சு, மடிச்சு, மஞ்சள் தடவிக் குடுத்திருக்கேன். அவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்களோ.

10 ஜூலை, சனி

வேண்டாம். தொண்ணூற்றெட்டே இருக்கட்டும்.

17 ஜூலை, சனி

ஆடி பிறந்துவிட்டது. கவியரசன் சிடிக்களோடு வந்து நின்றார். போட வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆயில்யம், மகம், அம்மா இல்லாத வரன்கள் என எதையும் விடவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், பையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"எனக்கு அம்மா இருக்காங்களே" என்றார்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது அவர் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். சிடிக்கள் மேஜையிலேயே இருக்கின்றன.

19 ஜூலை, திங்கள்

பிடித்திருக்கிறது. அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவர் பேச்சு பிடித்திருக்கிறது, கேட்காமல் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுப் போனது பிடித்திருக்கிறது.

"மகத்தை மட்டும் குடுத்து அனுப்பு" என்கிறாள் அம்மா. கொடுத்துவிடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் நாளைக்கு அவர் அம்மாவுக்கு ஒரு ஜலதோஷம் பிடித்தால்கூட நான் உள்ளுக்குள்ளேயே செத்துப்போவேன். மறைத்து வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

22 ஜூலை, வியாழன்

போன் செய்து வரச் சொன்னேன். எதையும் அழிக்காமல் இரண்டையும் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"வைக்கலாம். ஆன் பண்ணதும் எது வேணும்னு கேக்கும். நீங்க சொல்றதைத் திறக்கும்."

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். இருவரும் மிஷினைப் பற்றி மட்டும்தான் பேசினோம். போகும்போது, "அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க" என்றார்.

இனி வருகிறவர்களிடம் வாக்கியமா திருக்கணிதமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது என்று தீர்மானம்.

23 ஜூலை, வெள்ளி

முதல் ஆளிடமே கேட்டேன். பேரனுக்கு ஜாதகம் எழுத வந்த கன்னடக்காரர். "யாவுதாத்ரூ கொடி மேடம், ஒள்ளேது பந்த்ரே சாகு" என்றார். எதையாவது கொடு, நல்லது வந்தால் போதுமாம். நான் இதற்கு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

25 ஜூலை, ஞாயிறு

வந்தார்கள். பெயர் சாந்தகுமாரி. கவியரசனை பஸ் ஸ்டாண்டிலேயே டீ குடிக்க விட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குள் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் ஜாதகம் அடிச்சுக் குடும்மா, ஆடின்னாலும் பரவாயில்ல. பார்த்துட்டுப் போறேன்."

பழையதைத் திறந்து ஒன்று, புதியதைத் திறந்து ஒன்று அடித்தேன். பழைய பிரிண்டர் போட்ட சத்தத்தில் ஒருவரும் பேச வேண்டியிருக்கவில்லை. ஆயில்யத்தை மேலே வைத்து இரண்டையும் நீட்டினேன்.

"எதுக்கு ரெண்டு?"

சொன்னேன். ஆயில்யம் யாருக்கு ஆகாது என்பதையும் நானே சொன்னேன்.

"தெரியும். எம்பையன் அரசு சொல்லிட்டான்." காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நீ அடியில வச்சிருக்கலாமே?"

"வைக்கத் தோணலைங்க."

இரண்டையும் ஒன்றாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டி வலி இருக்கு. உன் நட்சத்திரம் அவங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்கட்டும்."

நான் சிரித்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.

20 ஜூலை 2005, புதன்

ஆடிக்கு அம்மா வீட்டில் இருக்கிறேன். கடைக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். மிஷினில் பழையது இன்னும் இருக்கிறது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கிறது. வாக்கியம்தான் வேண்டும் என்று சிலர் வரத்தான் செய்கிறார்கள்.

மத்தியானம் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமாம். ஓசூரில் ஜெராக்ஸ் கடையே இல்லாத மாதிரி. வாங்கிப் பார்த்தேன். சுகர் நன்றாகக் குறைந்திருக்கிறது.

"டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. வீட்டுல என்ன மாத்துனீங்கன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அத்தை?"

"மருமக வந்திருக்கா, ஆயில்யம்னு சொன்னேன்."

கேட்டதற்கு மேல் ஒரு பிரதி எடுத்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.