டெஸ்மண்ட் நின்ற இடம்

மார்லோ ஃபால்ஸ்,
ஜூலை 19

அன்புள்ள கர்ட்,

போர்ட்லண்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்போடு மனசையும் நன்றாக வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு மட்டும் வந்து வந்து போகிறது, குனியாதே என்று டாக்டர் சொன்ன மறுநாளே நிலவறையில் தேங்கிய தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினார், கேட்டால் நான் குனியல, உக்காந்துதான் மொண்டேன் என்கிறார். ஸ்ட்ராபெரி இந்த வருஷம் அபாரம். உனக்கு ஆறு புட்டி ஜாம் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதக் கடைசியில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், நீ முடியாது என்றாய், நான் ஃபோனை வைத்துவிட்டேன். அப்புறம் நீ இரண்டு தரம் கூப்பிட்டபோது அம்மா தோட்டத்தில் இருக்கிறாள் என்று அப்பா சொன்னாரே, நான் தோட்டத்தில் இல்லை, சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிக் கேட்டேன், என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஃபோனில் சொன்னால் நடுவில் நீ கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். பேஸ்பால் மைதானத்தின் கோடியில், அவுட்ஃபீல்டில், லெஃப்ட், சென்டர், ரைட் என்று நிற்கிற மூன்று பேரில் ஒருத்தன் எத்தனை ரன்னைத் தடுத்தான், எத்தனையை விட்டான் என்று உங்கள் கம்பெனி ஒற்றை எண்ணாகப் போட்டுக் கிளப்புகளுக்கு விற்கிறதே, அது எப்படிச் சாத்தியம் என்று நான் கேட்டேன். பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, அந்த இடத்துப் பந்தைச் சாதாரணமாக எத்தனை பேர் பிடிப்பார்கள் என்று நீ உருளைக்கிழங்கை நகர்த்தி நகர்த்திக் காட்டினாய். இருபத்திரண்டு வருஷமாக நம் ஊர் மைதானத்து மாடியில், பெட்டி மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவள் நான், என் கண்ணைவிடவா உன் மெஷின் என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, கண்ணு பந்து கூடவே ஓடிடும்மா, மத்த எட்டு பேரையும் அது பாக்காது என்றாய். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

மே மாதம் என்ன ஆயிற்று என்றால், எங்கள் சென்டர் ஃபீல்டில் நிற்கிற டெஸ்மண்ட் ப்ரூயிட்டை ஒரு பெரிய கிளப் கேட்டது. அலபாமா பையன், இருபத்துநாலு வயது, ஓடினால் புல் மிதிபடாத மாதிரி ஓடுவான், மாடிப்படி ஏறி வந்து மிஸ் டோரீன் சௌக்கியமா என்று என்னிடம் விசாரிக்காமல் ஒரு ஆட்டமும் தொடங்கமாட்டான். நம்முடையது மாதிரிச் சின்ன லீகிலிருந்து பெரிய கிளப் கூப்பிடுவது ஒருத்தனுக்கு ஒருமுறை நடந்தாலே பெரிசு. பத்து நாள் பேசினார்கள், அப்புறம் எங்கள் மேனேஜருக்கு ஃபோன் வந்தது, பையன் நன்றாக அடிக்கிறான், ஆனால் ஃபீல்டிங் எண் மைனஸ் ஒன்பது, சாதாரண ஆளைவிட ஒன்பது ரன் கூட விட்டிருக்கிறான், வேண்டாம். அந்த எண் உன் மேஜையிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன். நீ கத்தவில்லை. ரைட் ஃபீல்டு பக்கம் போற பந்த விட்டுடறான்மா, பதினாலு பந்து, சாதாரண ஆளே புடிக்கிற பந்து என்றாய். ஐம்பது ஆட்டத்தை வைத்து ஒருத்தன் ஃபீல்டிங்கை முடிவு செய்யாதீர்கள், மூன்று வருஷமாவது பாருங்கள் என்று வாங்குகிற எல்லாரிடமும் நீ சொல்வதாகவும், அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பதாகவும் சொன்னாய்.

ஆனாலும் டெஸ்மண்ட் எட்டாத பந்தா என்று எனக்கு மனசு ஆறவில்லை. உன்னைப் பொய்யாக்கியே தீருவது என்று ஒரு வேலை செய்தேன். பந்து வீசுவதற்கு முன்னால் அவுட்ஃபீல்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஸ்கோர் தாளின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை கர்ட். நீ சொன்னது சரி, என் கண் பந்தோடுதான் போயிருக்கிறது. நாலாவது ஆட்டத்திலேயே புரிந்துவிட்டது. டெஸ்மண்ட் நடுவில் நிற்பதே இல்லை. லெஃப்ட் ஃபீல்டு பக்கம் ஏழு எட்டு அடி எடுத்துவைத்துத் தள்ளித்தான் நிற்கிறான், யார் அடிக்க வந்தாலும் அப்படித்தான், ரைட் பக்கத்துப் பந்து அவனுக்கு அவ்வளவு தூரமாகிவிடுகிறது. உங்கள் கேமராவோ பந்து அடிபட்ட பிறகுதான் அவன் பக்கம் திரும்பும், அவன் வழக்கமான இடத்திலிருந்து ஓடினான் என்று நீங்களாகவே வைத்துக்கொள்வீர்கள். பன்னிரண்டு ஆட்டத்துப் புள்ளிகளையும் உறையில் போட்டு உனக்கு அனுப்பிவிட்டு, ஜெயித்துவிட்ட மிதப்பில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அனுப்பின பிறகுதான் அவனிடம் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் முடிந்து படியருகில் நின்றிருந்தான். ஏன்ப்பா அவ்வளவு தள்ளி நிக்கிற என்றேன். அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. அதை எழுதிட்டீங்களா மிஸ் டோரீன் என்றான். பென்சிலில்தான் என்றேன். அப்போ அழிச்சிடுங்க என்றான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். லெஃப்டில் நிற்கிற வெய்ன் கட்லருக்கு ஏப்ரலிலிருந்து முழங்கால் சரியில்லை, நேராக ஓடுவான், சட்டென்று பக்கவாட்டில் காலை ஊன்றித் தள்ள முடியாது. முப்பத்துமூன்று வயது, மனைவிக்கு ஆகஸ்டில் பிரசவம், விஷயம் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போன வருஷம் டெஸ்மண்டுக்கு ஆறு வாரம் ஒரு பந்துகூட மட்டையில் படாமல் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, தினம் மேனேஜர் அறைக்குப் போய் இன்னும் ஒரு வாரம் பாருங்க என்று கேட்டுக்கேட்டு நிறுத்தி வைத்தது வெய்ன். அதனால் வெய்ன் எட்ட முடியாத பந்தையெல்லாம் இவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். வெய்னுக்கு மிச்சமிருந்தது கோட்டோரத்து ஒரு கீற்று நிலம், அதில் விழுந்ததையெல்லாம் அவன் பிடித்தான். உன் பட்டியலில் வெய்னுக்கு ப்ளஸ் நாலு போட்டிருந்தாய் என்று அன்று வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய கிளப் போனதுக்கு உனக்கு வருத்தமில்லையா என்று டெஸ்மண்டிடம் கேட்டேன். இருக்கு, அதுக்காக ஏழடி திரும்பி நடந்துட முடியுமா என்றான்.

மூன்றாம் நாள் நீ கூப்பிட்டாய். என் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, வாகனம் நிறுத்துகிற பக்கத்துக் கம்பத்தில், மைதானம் முழுசும் தெரிகிற மாதிரி இருக்கிற கேமராவின் பதிவையும் கேட்டு வாங்கி, இங்கே நடந்த ஆட்டங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். மைனஸ் ஒன்பது இல்லம்மா, ப்ளஸ் ரெண்டு, ஆனா அதையும் அப்படியே நம்பிடாத, இன்னும் நாலு கூடவும் இருக்கலாம், நாலு கொறையவும் இருக்கலாம் என்றாய். தப்பு உன்னுடையது என்று நீயே முதலில் சொன்னாய். பெற்றவள் என்பதால் சொல்லவில்லை, தான் செய்த கணக்கைத் தானே உடைத்துப்பார்க்கிற மனுஷனை நான் இந்த விளையாட்டில் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வெய்ன் எண் மைனஸ் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது, திருத்தின பட்டியல் ஜூலை முதல் தேதி எல்லாக் கிளப்புக்கும் போகும் என்று அடுத்து சொன்னாயே, அப்போதுதான் ஒரு மாதம் தள்ளிப்போடு என்று நான் கெஞ்சினேன். காரணம் சொல்லவில்லை, வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று டெஸ்மண்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தப்புன்னு தெரிஞ்ச எண்ண நான் எப்படிம்மா விப்பேன் என்றாய். நான் ஃபோனை வைத்தேன். நீ சொன்னது நியாயம் என்பதால்தான் வைத்தேன், வேறு எதற்கும் இல்லை.

இரண்டு நாள் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ ஸ்கோர் எழுதறவ, ஊர் நியாயமெல்லாம் ஏன் தலையில போட்டுக்கற என்றார் அப்பா. என் பென்சிலால்தானே வெய்ன் பிழைப்புக்கு ஆபத்து வந்தது, பட்டியல் வந்து யாரோ சொல்லி அவன் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல் என்று வியாழக்கிழமை காலை பயிற்சிக்கு முன்னால் மைதானத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான் வெய்ன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, அவன் தள்ளி நிக்கிறது எனக்குத் தெரியாதா மேடம், எனக்கு மேல விழற மாதிரியில்ல வந்து நிக்கிறான், மேனேஜர் சொல்லித்தான் நிக்கிறான்னு நெனச்சேன் என்றான். டெஸ்மண்டுக்குப் பெரிய கிளப் எதனால் கைவிட்டுப் போயிற்று என்று சொன்னபோதுதான் பட்டை சுற்றுகிற கை நின்றது. இதனாலயா, என்றான். திரும்பவும் ஒரு தரம், இதனாலயா, என்றான். பாதி சுற்றின பட்டை தரையில் இழுபட எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனான். கதவைக்கூடச் சாத்தவில்லை. லெஃப்ட்ல இனிமே நான் நிக்கல, முழங்கால் போயிடுச்சு, மூணு மாசமா மறைச்சிட்டேன், அடிக்க மட்டும் வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கோங்க, இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க என்று அவன் சொன்னது எனக்கு வெளியே கேட்டது. மட்டைய எடுத்துட்டு வா, பாப்போம் என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலமே லெஃப்டில் வேறு ஒருத்தன், டெஸ்மண்ட் தன் சொந்த இடத்தில். வாக்கை மீறி நான் வெய்னிடம் சொல்லிவிட்ட கோபத்தில் அவன் மாடிப்படி ஏறி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் என் பெட்டிப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை, வெய்ன் போய்ச் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லையாம். எட்டாம் நாள் ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பந்து சென்டருக்கும் ரைட்டுக்கும் நடுவே, அந்தப் பதினாலில் ஒன்று மாதிரியே போயிற்று. டெஸ்மண்ட் பறந்து போய் அதன் அடியில் நின்றான், கையுறையில் விழுந்து குதித்து வெளியே போய்விட்டது. நான் யோசிக்க வேண்டியதில்லை, எர்ரர் என்று எழுதினேன். எட்டே முடியாத பந்துக்கு எவனுக்கும் எர்ரர் கிடையாது, போய்ச் சேர்ந்த பிறகு தவறவிட்டவனுக்குத்தான். ஸ்கோர் பலகையில் அதற்கான விளக்கு எரிந்ததும் கூட்டம் என்னைப் பார்த்துக் கத்தியது. டெஸ்மண்ட் திரும்பி பெட்டியைப் பார்த்து, தொப்பியின் நுனியைத் தொட்டான்.

டெஸ்மண்டை வேண்டாம் என்ற அந்தப் பெரிய கிளப் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு ஒன்று அவன் ஆட்டத்தைப் பார்க்க ஆகஸ்டில் ஆள் அனுப்புகிறதாம், வந்தால் உண்டு. வெய்ன் அடிக்க மட்டும் வருகிறான், சுமாராக அடிக்கிறான், சீசன் முடியும்வரை வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். பட்டியலின் அடியில் இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று நீ சேர்த்த நாலு வரிக்காக உன் முதலாளி முகத்தைச் சுளித்தார் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. அந்த நாலு வரியை எடுத்துவிடாதே. வெய்னும் டெஸ்மண்டும் ஒருத்தருக்கொருத்தர் செய்தது எந்த வரியிலும் ஏறாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஏறாது என்று தெரிந்துகொண்டு கணக்குப் போடுகிற ஆள் என் பிள்ளை என்பதில் எனக்கு இருக்கிற பெருமையைக் கிறிஸ்துமஸுக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கடவுள் உனக்குக் கூர்மையான கண்ணையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும். பல் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஃபோனை நானே எடுக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா,
டோரீன் ஹால்வர்சன்