என் ஞானஸ்நானத்துக்கு அக்கா சாட்சி

ஆகஸ்ட் 3, திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

என்னப்பா கொப்பி, சுகமா இருக்கிறாயா? மூன்று மாதமாக உன்னைத் திறக்கவில்லை. பலகை மேல் கிடந்து நமுத்துப்போயிருக்கிறாய். கோபிக்காதே. போஞ்சிக் கொடிக்குக் கம்பு நடும் வேலை, முழங்கால் வலி, பிறகு சோம்பல். உள்ளதைச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு மழை விட்டது. நோர்வூட் மாதா கோயிலுக்குப் போனேன். 15ஆம் திகதி மாதா திருநாள். அன்று காலைப் பூசையில் என்னைக் கத்தோலிக்கனாகச் சேர்த்துக்கொள்வதாக ஃபாதர் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கடைசி வாங்கில் உட்கார்ந்ததற்கும், வியாழக்கிழமை வகுப்புக்கு ஒருநாள்கூடத் தவறாமல் போனதற்கும் பலன். அறுபத்திரண்டு வயதில் பாஸ். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பே தாண்டாதவன் நான். எழுத்துக் கூட்டியது பைபிளில்தான்.

மிஷன் சபையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அங்கே உபதேசியார். அந்தச் சபையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி எஸ்தர் இறந்த வருடம் நான் ஆராதனையில் எழுந்து, அவளுக்காக ஒரு ஜெபம் செய்யச் சொல்லிக் கேட்டேன். பாஸ்டர் தணிந்த குரலில், "அவங்க கர்த்தர்கிட்ட இருக்காங்கண்ணே. இனிமே நம்ம ஜெபம் தேவைப்படாது" என்றார். அவர் படித்தது அப்படி. ஆனால் முப்பத்தாறு வருடம் தினமும் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்த வாய் எப்படி மூடும்? அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள். வேதக்காரப் பொம்பிளைகள், அதாவது மாதா கோயில்காரர்கள், தங்கள் ஆட்களுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, எஸ்தருக்கும் ஒன்று ஏற்றி, சிலுவையில் பெயரைப் பார்த்து வாசித்து ஜெபம் சொன்னார்கள். தேயிலைக்கு நடுவில் குடையோடு நின்று பார்த்தேன். அங்கே தொடங்கியது. பிறகு வாசித்தேன், கேட்டேன், ஃபாதரோடு வாதாடினேன். மாதாவைப் பற்றி மட்டும் ஆறு மாதச் சண்டை.

இன்று ஃபாதர் சொன்னது அப்படியே: "ஐயா, ஒங்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கெடையாது. வாங்குனது வாங்குனதுதான். பழைய சபையில இருந்து அதுக்கு அத்தாட்சியா ஒரு துண்டு மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுபடியும் கிடையாது. நிமிர்ந்து நடந்து வந்தேன்.

செய்ய வேண்டியவை:
ஞானஸ்நானத் துண்டு.
வெள்ளைச் சட்டை காலர் தைக்க.
சப்பாத்து நூல்.
பக்கத்து லயத்து வீட்டு மாரிமுத்துவிடம் குடையைத் திருப்பி வாங்க. (கொடுக்க மாட்டான்.)

ஆகஸ்ட் 4, செவ்வாய். பனிமூட்டம்.

பாஸ்டரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நல்ல மனிதர்.

"அண்ணே, போறதுக்கும் எங்கிட்டயே துண்டு கேக்குறீங்களே" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

பழைய அலுமாரியைத் திறந்தார். அந்த அலுமாரி ஒரு காலத்துத் துரை கொடுத்தது. மூன்றாவது லாச்சி நான் பிறந்ததிலிருந்தே திறந்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அப்பாவும் அப்போது பாஸ்டராக இருந்த ஐயரும் பந்தயம் கட்டினார்கள். இரண்டு பேரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள். என் வருடத்துப் பதிவேடு இரண்டாவது லாச்சியில். எடுத்தால் கையோடு உதிர்கிறது. முழுக்கச் செல்லரித்துவிட்டது. முந்தின வருடம் இருக்கிறது, பிந்தின வருடம் இருக்கிறது. என் வருடம் கரையானுக்கு.

ஃபாதருக்குப் போன் போட்டேன். கண்ணால் பார்த்த ஓர் ஆள் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதுமாம். தண்ணீர் ஊற்றியது, பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயர் சொன்னது, இவை இரண்டும் தெரிய வேண்டும். ஆள் இல்லாவிட்டால், "நீர் ஏற்கெனவே பெறாதிருந்தால்" என்று சேர்த்துச் சொல்லி மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானாம்.

பெறாதிருந்தால்! அப்பா என்னைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற நாளின் மேல் ஒரு சந்தேகத்தையா ஊற்றிக்கொள்வது? முடியாது என்றேன்.

உயிரோடு இருக்கும் சாட்சி யார்? அப்பா இல்லை. அம்மா இல்லை. ஐயர் இல்லை. ஞானத் தகப்பன் இல்லை. அக்கரப்பத்தனையில் ரூத் அக்கா மட்டும். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். சபையில் பாட்டுத் தொடங்குவதே அவர்தான். நான் மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன். காற்று.

அக்கரப்பத்தனை போய் வந்தேன். ஹட்டன் போய், அங்கிருந்து தலவாக்கலை பஸ், இறங்கி அடுத்த பஸ். இரண்டாவது பஸ்ஸில் ஒரு சேவல் கூடையிலிருந்து தப்பி டிரைவர் தலையில் ஏறிவிட்டது. பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் சிங்களத்தில் திட்ட, சேவலும் பதிலுக்குக் கத்த.

அக்கா வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டாரு ரோமாபுரிக்காரரு. உக்காரு. பிளேன்டி குடிப்பியா, இல்ல அதுக்கும் ஒங்க ஃபாதர்கிட்ட கேக்கணுமா?"

குடித்தேன். சேவல் கதை சொன்னேன். லாச்சிக் கதை, கரையான் கதை. அக்காவும் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"பாத்தது நீங்க ஒருத்தர்தான்கா மிச்சம். ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வச்சா போதும்."

"பாத்தது மட்டுமாடா? தண்ணி கொண்டாந்ததே நாந்தான். அன்னைக்குக் கோயில் தொட்டியில ஒரு சொட்டு இல்ல. அம்மா என்னைய கீழ பீலித் தண்ணி புடிக்க அனுப்புச்சு. எனாமல் ஜக்கு. ஏறி வர்றதுக்குள்ள அட்ட கடிச்சு காலெல்லாம் ரத்தம். ஐயரு ஊத்துனப்ப நீ கத்துன கத்து மேல் டிவிசன் வரைக்கும் கேட்டுச்சு."

"இதத்தான்கா எழுதணும்."

"எழுத மாட்டேன்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நா கொண்டாந்த தண்ணியில நீ எங்க வீட்டுப் பிள்ளையான. அது சரியா தப்பான்னு அவங்க சோதிச்சுப் பாக்குறதுக்கு நா தாள் எழுதணுமா? நானே கையெழுத்துப் போட்டு ஒன்ன அடுத்த வீட்டுக்கு அனுப்பணுமா? போடா."

கிளம்பும்போது ஒரு பை கரட், கொல்லையில் பறித்த ஒரு கோவா. கையில் திணித்தார். கோபத்திலும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனுஷி.

ஆகஸ்ட் 8, சனி. தூறல்.

ஃபாதரிடம் சொன்னேன். "அந்த ஒரு வார்த்த சேத்துச் செஞ்சிடுவோமா ஐயா? அதுவும் தப்பில்ல" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியென்றால் 15ஆம் திகதி இல்லை என்றார். சரி என்றேன். ஒரு வருடம் ஆனாலும் காத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். வாய் சொல்லிவிட்டது. மனம்தான் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைத்தாகிவிட்டது வேறு.

மாரிமுத்து வந்தான். குடை கொண்டுவரவில்லை.

"என்னாண்ணே, பரீட்ச தள்ளிப் போயிருச்சாமே? பேசாம எங்க கோயிலுக்கு வந்துருங்க. துண்டும் வேணாம், சாட்சியும் வேணாம். தேங்கா மட்டும் கொண்டாங்க."

"ஒங்க மாரியம்மாவுக்கு நீ ஒருத்தன் போதும்டா. ரெண்டு பேர தாங்க மாட்டா."

சிரித்துக்கொண்டே போனான். நல்லவன். நான் சோர்ந்திருந்ததைக் கண்டுதான் வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 11, செவ்வாய். வெயில்! அதிசயம்.

காலை பதினொன்றுக்குப் போன். "ஐயா, ஒடனே வாங்க. ஒங்க அக்கா வந்திருக்காங்க." ஃபாதர் குரலில் கொஞ்சம் பயம்.

சேறு மிதித்து ஓடினேன். ஃபாதர் அறையில் அக்கா. ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைச் சேலை, மடியில் பைபிள். உத்தியோகம் கேட்டு வந்தவர் ஃபாதர்தான் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"வா. நீயும் கேளு" என்றார் என்னிடம். பிறகு அவரிடம்: "சாமி, எங்க ஐயரு ஊத்துன தண்ணி ஒங்களுக்குப் போதுமா, போதாதா?"

"போதும்மா."

"இவன சேக்குறப்ப மேல கொஞ்சம் ஊத்துவீங்களா?"

"நீங்க பாத்தத எழுதிக் குடுத்தா ஊத்த மாட்டோம்மா. நடந்தது தெரிஞ்சே ரெண்டாந்தரம் ஊத்துனா, மொத தடவ கடவுள் செஞ்சத நாங்க இல்லேன்னு சொன்ன மாதிரி."

"அப்ப நாங்க செஞ்சது முழுசு."

"முழுசும்மா."

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு ஃபாதரே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சேவல் கத சொன்ன. லாச்சி கத சொன்ன. கரையான் கத சொன்ன. இத மட்டும் ஏன்டா சொல்லல?"

சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பேசியதில் அந்த ஒரே வரியை விட்டுவிட்டேன். தாள் எழுதாவிட்டால்தான் மறுபடி ஊற்றுவார்கள் என்பதை. அக்கா நினைத்தது நேர் எதிர். எங்கள் ஞானஸ்நானத்தைத் தள்ளுவதற்குத்தான் தாள் கேட்கிறார்கள் என்று ஐந்து நாள் கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பாஸ்டர்தான் போன் போட்டு, "நடந்தத நடந்துச்சுன்னு சொல்றதுல என்னாக்கா குத்தம்? நேரா போய்க் கேட்டுருங்க" என்றாராம். பாஸ்டருக்குக் கர்த்தர் நீண்ட ஆயுசு தர வேண்டும். இதை இரண்டு கோயில் வழக்கப்படியும் கேட்கிறேன்.

அக்கா பேனா கேட்டார். ஒரு தாள் முழுக்க எழுதினார். வாசித்தும் காட்டினார். பீலி, ஜக்கு, அட்டை, ரத்தம், என் கத்தல், மூன்று பெயர்.

"அட்டையெல்லாம் தேவையில்லம்மா" என்றார் ஃபாதர்.

"இருக்கட்டும் சாமி. உண்மதானே."

கையெழுத்து: பெரிய எழுத்தில், திகதியோடு, மிஷன் சபைப் பெயரோடு. அடியில் ஒரு கோடு. அதன் மேல் இன்னொரு கோடு.

15ஆம் திகதி நிச்சயம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி. மழை திரும்பிவிட்டது.

முதல் பாவசங்கீர்த்தனம். அறுபத்திரண்டு வருடத்தையும் ஒரே தடவையில். மறந்துவிடாதிருக்க எழுதிக்கொண்டு போனேன். முழந்தாளிட்டு, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டப் போன முதல் வருடத்திலிருந்து தொடங்கினேன். அந்தக் காலத்தில் எங்களை மேற்பார்த்த கண்டாக்கு தேயிலைத் தூள் மூட்டையை எப்படி வெளியே கொண்டுபோனார், யாருக்கு விற்றார் என்று வரும்போது ஃபாதர் இருமினார்.

"ஐயா, அது கண்டாக்கோட பாவம். ஒங்களோடது?"

"அதுக்குத்தான் சாமி வர்றேன். கதவு தெறந்து விட்டது நான்."

அதற்கப்புறம் நிறைய வந்தது. எஸ்தரிடம் சொல்லாமல் விட்டவை. அவளிடம் கத்தியவை. அங்கே கதை சொல்ல வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

மன்னிப்பு மந்திரம் முடிந்து வெளியே வந்தால் நீண்ட வரிசை. முன்னால் நின்ற கிழவி: "நாப்பது நிமிசம்! இவ்ளோத்தயும் சொமந்துக்கிட்டு எப்புடிண்ணே நடமாடுனீங்க?"

வீடு வரை நனைந்துகொண்டே வந்தேன். மாரிமுத்துவிடம் குடை கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 15, சனி. காலையில் மழை, பூசை நேரம் வெளிச்சம்.

நடந்தது நடந்தபடி.

அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். "நா வெளிய நிக்கிறேன்" என்றார். மணி அடித்ததும் உள்ளே வந்து மூன்றாவது வாங்கில் உட்கார்ந்தார். முழந்தாளிடவில்லை. எல்லோரும் முழந்தாளில் இருக்க, அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கண் மூடி ஜெபம். பாட்டில் ஒன்று எங்கள் சபையிலும் பாடுகிற பாட்டு. பாட்டுக்குழுவை விழுங்கிவிட்டார். ஆர்மோனியம் வாசித்த பெண் அக்கா தாளத்துக்கு மாறிவிட்டாள்.

பிரசங்கம் முடிந்து என்னை முன்னே கூப்பிட்டார்கள். விசுவாசப் பிரமாணம் பார்க்காமலே சொன்னேன். திருச்சபை போதிப்பதை எல்லாம் நானும் நம்புகிறேன் என்று சொன்னபோது என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. ஃபாதர் நெற்றியில் எண்ணெய் பூசினார். நல்ல வாசம். தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு சொட்டுகூட.

பிறகு நற்கருணை. நாக்கில் வாங்கினேன். அப்படியே எஸ்தர் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே. யாரும் தடுக்கவில்லை.

பூசை முடிந்து பதிவேடு. ஃபாதர் ஒவ்வொரு கட்டமாக எழுதினார். ஞானஸ்நானம் பெற்ற இடம்: மிஷன் சபை. சாட்சி: ரூத். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். தன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வைக்கச் சொன்னார். ஃபாதர் வைத்தார்.

வாசலில் ஓர் அம்மா அக்கா கையைப் பிடித்து, "நீங்களும் எங்க கோயிலுக்கு வந்துட்டீங்களா? மாதாவுக்குத் தோத்திரம்!" என்றார்.

அக்கா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார். "இல்லம்மா. நா மிஷன் சபைதான், சாகுற வரைக்கும். இவனுக்கு நாந்தான் சாட்சி." கோயில் படியில் நின்று சொன்னார், பஸ் நிலையம் வரைக்கும் கேட்கிற குரலில். என் அக்கா!

இப்போது என் வீட்டு அடுப்பில் சோறு வைக்கிறார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. வெளியே ஆட்கள் வந்திருக்கிறார்கள். பாஸ்டரும் வந்திருக்கிறார், கேக்கோடு. கிடைத்த நேரத்தில் எழுதிவிடுகிறேன். அந்தப் பதிவேட்டில் என் பெயரும் அக்கா பெயரும் ஒரே வரியில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் எங்கிருந்தும் போய்விடவில்லை, இன்னும்

"டேய் ஞானம்! கொப்பிய வச்சிட்டு வெளிய வாடா! இந்த மாரிமுத்து, நாந்தான் வேதத்துக்கு மாறிட்டேன்னு மூணு லயத்துக்கும் சொல்லிப்புட்டான். வந்து கதைய ஒழுங்கா சொல்லு!"

அக்காதான். இப்போது போகாவிட்டால் அவன்