சோற்றுக்கை எதுவென வினவிய ஓலை

கரை உடையாத ஏரியும் கதவு அடையாத களஞ்சியமும் உடைய வெண்பாலி நாட்டைத் தன் குடைநிழலில் காத்தருளும் கோப்பெருந்தேவி பூழிநாச்சியாரின் திருவாணை தாங்கி, பணியில் ஊறுபட்டோர் வழக்கை ஆயும் அதிகாரி தித்தன், மடைக்குன்றத்து அணைப்பணித் தலைவர் பேரரையர் கொற்றங்குமரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றம் மழையால் குளிர்க. தங்கள் மதகு புதுவெள்ளம் கண்டும் அசையாதிருக்க. தங்கள் பணியாளர் யாவரும் காலையில் கொண்டுபோன உடம்போடு மாலையில் மனை திரும்புக.

ஐப்பசித் திங்களில் தாங்கள் விடுத்த ஓலை கிடைத்தது. மதகின் மேற்கல்லை ஏற்றும்போது வடம் அறுந்ததையும், கல்தச்சன் பூதனின் இடக்கை கல்லடியில் நசுங்கியதையும், மருத்துவர் அதனை மணிக்கட்டோடு களைந்து அவன் உயிரைக் காத்ததையும் அதில் கண்டேன். பணியில் சோற்றுக்கை இழந்தவன் வாழ்நாள் முழுதும் அரசு மனையில் இருந்து அரசு நெல் உண்ணலாம், மற்றைக் கை இழந்தவனுக்கு அவ்வுரிமை ஓராண்டே என்பது நம் சட்டம். சோற்றுக்கை வலக்கை என்பதைச் சிறுபிள்ளையும் அறியும், போனதோ இடக்கை, ஆதலின் ஓராண்டு என ஒப்பமிட்டு அனுப்புக என்று தாங்கள் பணித்திருந்தீர்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, இதில் ஆராய ஒன்றுமில்லை என்றும் முடித்திருந்தீர்கள்.

ஆராய ஒன்றுமில்லை என்று எவரேனும் எழுதினால் அடியேனுக்கு இருப்புக் கொள்வதில்லை. இது என் பிறவிக் குணம். இதனால் என் மன்றத்துக் கணக்கர்கள் படும் பாட்டைத் தாங்கள் அறியீர்கள். ஆகவே தாங்கள் வேண்டாம் என்ற கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, மூன்று நாள் வழி நடந்து மடைக்குன்றம் வந்தேன். தாங்கள் அப்போது தலைநகரில் இருந்தமையால் நேரில் வணங்கும் பேறு வாய்க்கவில்லை.

பணிக்களத்து வேம்படியில் மன்றம் கூட்டிப் பூதனை வருவித்தேன். நாற்பது வயதிருக்கும், அகன்ற தோள், குறைந்த பேச்சு. எக்கையால் உண்பாய் என்று வழக்கம்போல் வினவினேன். வலக்கையால் என்றான். உடன் பணிசெய்வோர் பதின்மரும் அவ்வாறே சாற்றினர். சோறு வருவித்துக் கொடுத்தேன். ஒரு பருக்கை சிந்தாமல் வலக்கையால் உண்டான். சான்று இத்துணைத் தெளிவாக இருந்தும் ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்தியது. தனக்கு ஆதாயம் தரும் விடையைத் தேடாத மனுதாரனை நான் அதுவரை கண்டதில்லை. இடக்கை போனவன், வலக்கையே என் கை என்று இவ்வளவு உறுதியாக ஏன் சாதிக்கிறான்?

மரியாதையின் பொருட்டுத் தங்கள் கணக்கர் கொடுத்த எலுமிச்சம்பழம் என் மடியில் இருந்தது. வேறு ஏதோ பேசிக்கொண்டே, சொல்லாமல் கொள்ளாமல் அதனை அவன்பால் வீசினேன். அதிகாரி செய்யத்தக்க செயலன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழத்தைப் பிடிக்க எழுந்தது துணி சுற்றிய இடக்கை. நல்ல கை மடிமேல் அப்படியே கிடந்தது. பழம் அவன் மேல் பட்டு உருண்டது. அவன் முகம் வெளிறியது, வலியால் அன்று.

 அப்போது அவன் மனைவி வெண்ணி என்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வந்தாள். கணவன் கண்ணால் தடுத்தும் அவள் நிற்கவில்லை. அவள் சொல்லை ஓலைநடைக்கு மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பதால், அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன்.

"சோறு திங்கிற கை இருக்குதுங்கய்யா. எங்களுக்குச் சோறு போட்ட கைதான் போயிருச்சு."

இருபத்தோராம் வயதிலிருந்து இச்சட்டத்தை நாவில் வைத்திருக்கிறேன். சோற்றுக்கை என்னும் சொல்லின் வயிற்றுக்குள் இன்னொரு பொருள் இருப்பதை அன்றுதான் கண்டேன். 

பின்னர் உண்மை ஒவ்வொன்றாக வெளிவந்தது. பூதன் பிறவியிலேயே இடக்கைக்காரன். இலையில் இடக்கை வைத்தால் ஊர் பழிக்கும் என்று பெற்றோர் உண்ணும் கையை மட்டும் மாற்றிவிட்டனர். சுத்தியல் பிடிக்கும் கையை மாற்ற எவராலும் முடியவில்லை. அவன் மடைக்குன்றத்துப் பணிக்கு வந்த ஆண்டில், இடக்கையால் கொத்திய கல் மதகுக்கு ஆகாது, கண்டால் பெயர்த்தெறிக என்று தாங்கள் கட்டளை இட்டிருக்கிறீர்கள். அதுமுதல் எட்டாண்டாக, மேற்பார்வையாளர் வரும்போதெல்லாம் பக்கத்துத் தச்சன் எயினன் இருமுவான். பூதன் சுத்தியலைக் கை மாற்றிக்கொள்வான். எயினனின் தீராத இருமலைக் கேட்டு இரங்கித் தாங்கள் இருமுறை கஷாயம் காய்ச்சிக் கொடுப்பித்தீர்களாம். அதன் கசப்பை அவன் இன்னும் மறக்கவில்லை.

பூதன் என்னிடம் வேண்டியது மனையும் நெல்லும் அல்ல. ஓராண்டு தனக்குப் போதும் என்றும், தான் கொத்திய கற்களைப் பெயர்க்கவேண்டாம் என்றும், இருமிய குற்றத்துக்காக எயினனைத் தண்டிக்கவேண்டாம் என்றும் கேட்டான். ஓராண்டு கழிந்து ஒற்றைக் கையோடு எங்கே போவாய் என்றேன். அவன் குனிந்து, உருண்டு கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். வெண்ணி என்னையே பார்த்து நின்றாள். என் கண் நனைந்தது. அதை மறைக்க முயன்று தோற்றேன்.

ஆயினும் கண்ணீரைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது, சான்று வேண்டும். மறுநாள் காலை, வெயில் சாய்வாக விழும் வேளையில் எயினனை அழைத்துக்கொண்டு மதகில் இறங்கினேன். வலக்கையால் சுத்தியல் பிடித்தவனின் உளித்தடம் ஒரு பக்கம் சாய்கிறது, இடக்கைக்காரனுடையது எதிர்ப்பக்கம் சாய்கிறது. தெரிந்துகொண்டபின் அது எழுத்துப்போல் படிக்க வருகிறது. பசியையும் மறந்து கல் கல்லாகப் படித்தேன். நீர் முட்டும் கீழ்வரிசையில் பெரும்பாலான கற்கள் பூதனுடையவை. அவற்றின் இணைப்பில் என் நகம் நுழையவில்லை. இன்னொன்றும் கண்டேன், தாங்கள் பொறுத்தருள்க. மதகின் நெற்றியில் தங்கள் திருப்பெயரும் பட்டங்களும் பொறித்த அழகிய கல் உள்ளதே, அதன் உளித்தடம் முழுதும் எதிர்ப்பக்கமே சாய்ந்துள்ளது. தங்கள் கட்டளையை நிறைவேற்றப் புகுந்தால் முதலில் பெயர்க்கவேண்டியது அக்கல்லே.

அங்கிருந்து நேரே தலைநகர் சென்று, சட்டத்தின் மூலச் செப்பேட்டைத் திறப்பித்தேன். அதில், "சோற்றுக்கை இழந்தவன் மனையில் உலை அவியாதிருக்கும் பொருட்டு" என்றொரு தொடர் உள்ளது. நாம் நாடெங்கும் கையாளும் படிகளில் அத்தொடர் இல்லை. படியெடுத்தவர் அதனை அலங்காரம் என எண்ணி விட்டிருக்கலாம். யாவற்றையும் தேவியாரின் திருமுன் விண்ணப்பித்தேன். தங்கள் பெயர்க்கல்லின் செய்தி கேட்டுத் தேவியார் நகைத்தருளினார்கள். பின்னர் நகை நீங்கி, இலையைத் தொடும் கை அன்று, உலையை ஏற்றும் கையே சோற்றுக்கை என்று தீர்ப்பளித்தார்கள்.

ஆகவே தேவியாரின் பெயரால் தங்களுக்கு அறிவிப்பது: பூதனும் வெண்ணியும் இப்போதுள்ள மனையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்க; அவர்களுக்குரிய நெல் குறைவின்றி அளக்கப்படுக. மதகின் ஒரு கல்லும் அசைக்கப்படலாகாது. இடக்கை பற்றிய கட்டளை இவ்வோலை கண்ட அன்றே நீங்குக. அதனைப் பறையறைந்து சொல்லுக, ஒளிந்து கொத்துவோர் இன்னும் இருக்கக்கூடும். எயினன் இனி இருமவேண்டியதில்லை. அவனுக்குத் தண்டமும் வேண்டா, கஷாயமும் வேண்டா.

இத்தோடு ஓலையை முடித்திருப்பேன். ஆனால் மன்றம் திரும்பியபின் என் பழைய தீர்ப்புகளை அவிழ்த்தேன். இப்பதவியேற்ற பதினோராண்டில் இடக்கை இழந்து என் முன் வந்தோர் ஒன்பதின்மர். எக்கையால் உண்பாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறேன். எக்கையால் உழைத்தாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. ஒன்பதின்மரும் ஓராண்டு முடிந்து மனை ஒழிந்து போயினர். அவருள் இருவர் தங்கள் குன்றத்தில் மண் சுமந்தோர்: ஒருவன் அழிசி, மற்றவள் நெட்டிமை. அவர்கள் எத்திசை சென்றார்கள் என்று அறிந்தோரைத் தேடி வைக்குமாறு கட்டளையாக அன்று, இரப்பாகக் கேட்கிறேன். இவ்வோலைக்குப் பின்னாலேயே நானும் வருகிறேன்; அவர்கள் இருக்குமிடம் சென்று, கேளாமல் விட்ட வினாவைக் கேட்கவேண்டும்.

இத்தனைக்கும் வினாவுக்கு விடை தேடுவதே என் தொழில். உண்பதும் எழுதுவதும் எனக்கு ஒரே கையாக இருந்தமையால், இப்படி ஒரு வினா உண்டென்பதே எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், தேவியாரின் நாரை இலச்சினை இட்டு விடுத்தது. அந்த ஒன்பது தீர்ப்பையும் எழுதிய அதே வலக்கையால் இதனை எழுதியவன் தித்தன்.