சனிக்கிழமை ஐந்து மணிப் பயிற்சி

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரியில் நிரந்தரப் பதவிக்கான நேர்காணல் பதினான்காம் தேதி. பத்து வருடம் ஒப்பந்தத்திலேயே ஓட்டியாயிற்று. கத்தோலிக்க அறநெறி இறையியலும் தெரிந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி அனுபவமும் வேண்டுமாம். இரண்டும் இருக்கிறது. தேர்வுக் குழு முன் படிக்க ஒரு கட்டுரைதான் இல்லை. இந்தத் தடவையும் நழுவினால் தனக்கே வகுப்பெடுக்கலாம், லீவே போட மாட்டேன் என்கிறார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 6, வியாழன்

கட்டுரை தானாக மடியில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரி அறநெறிக் குழுவில் இன்று ஒரு தையல்காரம்மாவின் விஷயம். வாரம் மூன்று டயாலிசிஸ். அடிக்கடி வராமல் இருந்து, மூச்சுத்திணறலோடு வார்டில் சேர்ந்திருக்கிறார். இனி வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். மகன் உடைந்துபோயிருந்தார்.

"அம்மா தற்கொலை பண்ணிக்கிறாங்களா, மேடம்?"

இல்லை என்று விளக்கினேன். தாங்க முடியாத பாரமாகிவிட்ட சிகிச்சையை மறுப்பது பாவமில்லை. திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லி வருவதுதான். ஒரு மணி நேரம் அலசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை முடிவு. அநேகமாக நிறுத்துவதுதான். வந்த கையோடு மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன், அவர் மனசாட்சி உறுத்தாமல் இருக்க நாலு வார்த்தை சொல்லலாம் என்று. ஏற்றே ஆக வேண்டிய சாதாரண சிகிச்சை, மறுக்கக்கூடிய அசாதாரண சிகிச்சை என்று வகுப்பே எடுத்துவிட்டேன். தூங்கிவிட்டார். என் மாணவர்களாவது கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள்.

மறந்து வைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பிப் போனால், முணுமுணுவென்று பாடிக்கொண்டிருக்கிறார். விரல் கட்டில் கம்பியில் தாளம் போடுகிறது. கேட்டேன். கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறாராம். பயிற்சி சனிக்கிழமை ஐந்து மணிக்கு. ஜனவரியிலிருந்து சனிக்கிழமை டயாலிசிஸை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வராமல் விட்டதெல்லாம் சனிக்கிழமைகள்தான்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லலையாம்மா?"

"உசுரை விடப் பாட்டு பெருசான்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்றது?" போர்வை ஓரத்துத் தையலை நீவிவிட்டார். "பாடாம சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு இது எதுக்குன்னு தோணிச்சு. மத்தபடி சாக ஆசையா எனக்கு?"

மார்ச் 8, சனி

குழுவில் படித்தவர்கள் ஆறு பேர். நிறுத்தலாமா கூடாதா என்றே பேசினோம். ஏன் என்று அந்த அம்மாவிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரலையே. எனக்கும்தான்.

கட்டுரை நன்றாக வந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். அப்படியே படித்தால் யாருக்குத் தெரியப் போகுது? — சீ.

மார்ச் 10, திங்கள்

குழுவில் சொன்னேன். டாக்டர் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் அவரே அலைந்து சனிக்கிழமை காலை வேளையில் ஓர் இடம் பிடித்துவிட்டார். தையல்காரம்மா உடனே சம்மதித்தார். அம்மா வீட்டில் பாடினால் மகன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டே மகனே சொன்னார்: "அவங்க குரல் அப்படி, மேடம்."

மார்ச் 13, வியாழன்

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். நாளைக்கு என்னத்தச் சொல்றது, மாதாவே.

மார்ச் 14, வெள்ளி

தையல்காரம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். தேர்வுக் குழுத் தலைவரான ஃபாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்போ நீங்க கத்துக்கொடுக்கிற கொள்கை தப்புன்னு சொல்றீங்களா?"

"கொள்கை சரிதான், ஃபாதர். எது பாரம்னு நோயாளிகிட்டதான் கேக்கணும்னு அதுவே சொல்லுது. நான்தான் கேக்காம முடிவு கட்டிட்டேன்."

ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதா, கெட்டதா?

மார்ச் 24, திங்கள்

ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்காரர் முதல் பெஞ்சில் இடம் கேட்கிறார்.

ஏப்ரல் 12, சனி

நிரந்தரப் பதவியோடு கிடைத்த புது அறையில் புத்தகங்களை அடுக்கி முடிக்க நாலரை ஆகிவிட்டது. பூட்டு மக்கர் பண்ணுகிறது. தச்சரை வரச் சொல்ல வேண்டும். ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மகன் எனக்கு முன்பே வந்திருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. சுருதி ஒரு பக்கம் போனால் தையல்காரம்மா இன்னொரு பக்கம் போகிறார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அன்னைக்கு உங்க பாடத்துல நான் தூங்கிட்டேன், டீச்சர். நீங்க தூங்காம கேட்டீங்களே."